கேன்டீன் ரேடியோவில் வேல்ஸ் பாட்டு

"இங்கிலாந்திலிருந்து ஒருத்தர் வர்றார், நீங்கதான் கூட இருந்து பார்த்துக்கணும்" என்று மேனேஜர் சொன்னபோதே எனக்கு எரிச்சல். ஓசூர் தொழிற்பேட்டையில் கார் உதிரிப் பாகங்கள் செய்கிற கம்பெனி எங்களுடையது. அங்கே பிரஸ் ஷாப்பில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தகட்டை அழுத்தி வருகிற பாகங்களை அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை அட்டை, தப்பாக இருந்தால் சிவப்பு அட்டை. பன்னிரண்டு வருஷமாக இதுதான் வேலை. விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு திரிவது என் வேலை இல்லை. ஆனால் அந்தப் பிரிவில் இங்கிலீஷில் தட்டுத்தடுமாறாமல் சண்டை போடக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்பது மேனேஜருக்குத் தெரியும். என்னிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர்.

புதிதாக வாங்கிய பிரஸ் ஒன்றை நிறுவி, ஓட்டிக் காட்டி, எங்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போக மூன்று மாதத்துக்கு வந்தவர் அந்த விருந்தாளி. அறுபது தாண்டியிருக்கும். சிவந்த காதுகள், தொப்பை, பையில் எப்போதும் ஒரு பாக்கெட் பிஸ்கட். முதல் நாள் மரியாதைக்காக, "உங்கள் இங்கிலாந்தில் இப்போது நல்ல குளிரா?" என்று கேட்டேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "இங்கிலாந்து இல்லை. வேல்ஸ். பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது வேறு" என்றார். அவருடைய அம்மா கடைசிவரை வீட்டுக்குள் இங்கிலீஷ் பேசியதில்லையாம், வேல்ஸ் மொழிதானாம். எல்லைக்கு இந்தப் பக்கம் தளியில் கன்னடம் பேசுகிறவரிடம் "நீங்க கர்நாடகாவா?" என்று கேட்டால் எப்படி முறைப்பாரோ, அதே முறைப்பு. அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உடனே அடங்கிப்போனேன்.

அடுத்த எரிச்சல் அவருடைய விரல்கள். மனிதருக்குச் சும்மா நிற்கத் தெரியாது. பேனல் கதவு, டூல் டிராலி, என் அளவு மேஜை, எது கைக்கு எட்டினாலும் டொக்கு டொக்கென்று தட்டுவார். வெர்னியர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தேடிக்கொண்டிருப்பவளுடைய மேஜையில் தாளம் போட்டால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். எட்டாம் நாள், "சார், இது என்ன வியாதி?" என்று கேட்டே விட்டேன்.

அவர் தன் கைகளை ஏதோ புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "நான் டிரம்மர்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாற்பது வருஷத்துக்கு முன்னால்" என்று சேர்த்துக்கொண்டார்.

டை, அதாவது தகட்டை அழுத்துகிற இரும்பு அச்சு, அதை மாற்றுவதற்கு எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். கிரேன் டையைத் தூக்கும்வரை எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. அந்த நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ராக் பேண்டின் முழுக் கதையும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு பையன்கள். இரும்பாலை ஊர். சர்ச்சுக்குப் பின்னால் உள்ள அறையில் வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடாது. கச்சேரிக்குப் போக ரொட்டி ஏற்றுகிற வேன் ஒன்று. அதில் ஏற்றி இறக்கியதில் ஆம்ப்ளிஃபயரெல்லாம் மாவு. மேடையில் முதல் தடவை சத்தமாக வாசித்ததும் ஸ்பீக்கரிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி கிளம்பியதாம். கூட்டம் அதை ஏதோ விசேஷ ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டியதாம். அடுத்த கச்சேரியில் வேண்டுமென்றே மாவு போட்டுக்கொண்டார்களாம்.

பாடியதெல்லாம் வேல்ஸ் மொழியில். நான்காவது வருஷம் லண்டனிலிருந்து வந்த ஒருவர், "நன்றாக வாசிக்கிறீர்கள், இதையே இங்கிலீஷில் பாடினால் பெரிய ரேடியோவில் போடுவார்கள்" என்று ஆசை காட்டினார். மூன்று பேருக்குச் சம்மதம், பாடகனுக்கு மட்டும் இல்லை. சண்டை போட்டு, கெஞ்சி, இரண்டு பாட்டை இங்கிலீஷில் பதிவு செய்தார்கள். பெரிய ரேடியோவில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊர்க்காரர்கள், "எதற்குடா இந்த வேலை உங்களுக்கு?" என்று கேட்டார்கள். ஏழாம் வருஷம் பேண்ட் கலைந்தது. பாடகன் பள்ளிக்கூட வாத்தியார் ஆனான். கிட்டார்காரன் எலக்ட்ரிக்கல் கடை வைத்தான். பேஸ் கிட்டார் வாசித்தவன் போய்ச் சேர்ந்துவிட்டான். இவர் ஏற்கெனவே இரும்பாலையில் ஃபிட்டர், பிறகு மெஷின் கம்பெனி, பிறகு உலகம் முழுக்க பிரஸ் நிறுவுகிற வேலை.

"அப்போ ரேடியோவில் வந்ததே இல்லையா?" என்று கேட்டேன். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

வந்திருக்கிறது. வேல்ஸ் மொழி ரேடியோவில், ஒரே ஒரு பாட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க, மத்தியான நிகழ்ச்சியில். ஊரே கேட்டது. தபால்காரர் கேட்டார், பேண்டின் மற்ற மூன்று பேரும் கேட்டார்கள், அவர்களோடு பேசாமல் இருந்த பழைய காதலிகள்கூடக் கேட்டார்கள். இவர் மட்டும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க இவருக்கு மத்தியான ஷிஃப்ட். உலைக்குப் பக்கத்தில் ரேடியோ வைக்க முடியாது. விடுமுறை நாளில் காத்திருந்து பார்த்தால், அன்றைக்கு வேறு பாட்டு.

"அம்மா கேட்டாங்களா?"

"அம்மா சமையலறை ரேடியோவில் கேட்டாள். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய், எப்படி இருந்தது என்று கேட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, டிரம்ஸ் சத்தம்தான் கொஞ்சம் அதிகம் என்றாள்."

இதைச் சொன்னபோது அவர் முகம் அப்படியே சிவந்துவிட்டது. நாற்பது வருஷக் கோபம். டிரம்ஸ் அதிகமே இல்லையாம், ஸ்டூடியோவில் ஒவ்வொன்றையும் அளந்து வைத்தார்களாம். அம்மாவோடு அவர் ஆயுள் முழுக்க இதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜையில் சண்டை, ஆஸ்பத்திரியில்கூடச் சண்டை. அந்த அம்மா கடைசிவரை வாபஸ் வாங்கவில்லை. எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அந்தப் பாட்டு அவருடைய போனில் இருந்தது, மகள் ஏற்றிக் கொடுத்திருந்தாள். ஒருநாள் கேட்டுக்கு வெளியே, காலையில் ஒப்படைத்த போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகிற வரிசைக்குப் பக்கத்தில் நின்றபடி எனக்குப் போட்டுக் காட்டினார், என் போனுக்கும் அனுப்பினார். டிரம்ஸ் சரியாகத்தான் இருந்தது. "இதில் கேட்பது கணக்கில் சேராது. இதில் நானே போட்டு நானே கேட்கிறேன். ரேடியோவில் வேறு யாரோ நமக்காகப் போட வேண்டும். அது எனக்குக் கிடைக்கவே இல்லை" என்றார். அதைச் சொன்ன விதத்தில் அழுகையெல்லாம் இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் வீடு வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கேன்டீனில் ஒரு ரேடியோ உண்டு. டீ போடுகிறவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம், அவருடைய சொந்த ரேடியோ. உள்ளங்கை அகலம், பின்பக்க மூடிக்கு ரப்பர் பேண்ட், ஒடிந்துபோன ஏரியலுக்குப் பதில் செம்புக் கம்பி. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் உள்ளே வெளியுலகம் என்றால் பாயின் ரேடியோ ஒன்றுதான். அதில் எப்போதும் ஒரே நிலையம். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் நடத்துகிற சிறிய சமூக வானொலி, சூளகிரிப் பக்கம் போனாலே கொரகொரக்க ஆரம்பித்துவிடும். காலையில் விவசாயம், நடுநடுவே நேயர்கள் கேட்கிற பாட்டு. அறிவிப்பாளர் ஒரு பெண். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் விளக்கி, கன்னடத்தில் சிரித்து முடிப்பாள். அதைக் கேட்டுவிட்டு வேல்ஸ்காரர் என்னிடம், "இந்தப் பெண்ணை யாரும் ஒரே மொழியில் பேசு என்று சொல்லவில்லையா?" என்று கேட்டார். "சொல்லிப் பார்க்கட்டும்" என்றேன்.

அவர் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் எனக்கு அந்த யோசனை வந்தது. ஏன் அதற்கு முன்னாலேயே வரவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வீட்டிலிருந்து வானொலிக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்ணே எடுத்தாள்.

"வேல்ஸ் பாட்டா? அது எந்தப் பக்கம்க்கா?"

"இங்கிலாந்து பக்கத்துல. இங்கிலாந்துன்னு மட்டும் சொல்லிடாதம்மா, மனுஷன் கோச்சுக்குவாரு."

"நாங்க பழைய சினிமாப் பாட்டுதான் போடுவோம். ராக் பாட்டுன்னா எங்க தாத்தாமாருங்க போன் பண்ணி வைவாங்கக்கா."

முழுக் கதையையும் சொன்னேன். ஷிஃப்ட், உலை, அம்மா, டிரம்ஸ், எல்லாம். பிறகு, "அனுப்புங்கக்கா. எத்தினி மணிக்குப் போடணும்?" என்றாள்.

"இன்னும் நாலு நாள்ல கிளம்புறாரு, அன்னிக்குப் போடும்மா. பத்து மணிக்கு எங்களுக்கு டீ பிரேக். பத்தே நிமிஷம்தான். எல்லாரும் டீ வாங்கி உக்கார அஞ்சு நிமிஷம் ஆவும். சரியா பத்து அஞ்சுக்குப் போட்டுடும்மா."

"பத்து அஞ்சு. எழுதிக்கினேன்."

மறுநாள் சாயங்காலம் அவரிடம் சொல்லிவிட்டேன். கடைசிவரை ரகசியமாக வைத்திருக்கத்தான் நினைத்தேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

கடைசி நாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் ஒழுங்காக முகம் மழித்துப் பார்த்தேன். சாயங்காலம் பெங்களூரில் விமானம். டீ முடிந்ததும் பிரஸ்ஸின் கடைசி ஓட்டம், பிறகு கையெழுத்து, அவ்வளவுதான். பத்து மணிக்கு சைரன் அடித்தது. வழக்கமாக டீ பிரேக்கில் கேன்டீன் சந்தைக்கடையாக இருக்கும். அன்றைக்கு நாற்பது பேரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பாய் ரேடியோவை ஒரு கவிழ்த்த பாத்திரத்தின்மேல் வைத்து, சத்தத்தைக் கடைசிவரை திருகிவிட்டிருந்தார்.

ரேடியோவில் யாரோ மாம்பூவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் மா பூத்திருந்த மாதம் அது. பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐந்து ஆனது. பத்து ஏழு. டீ ஆறிப்போனது. பத்து எட்டுக்கு ஒருவர், "மறந்துட்டாங்க போலக்கா" என்றார். நான் அவரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தேன். பத்து பத்துக்கு சைரன் அடித்துவிட்டது.

எல்லோரும் எழுந்தார்கள். எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சைரனுக்குப் பிறகு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தாலும் பெயரை எழுதிவிடுகிற ஆள். வேல்ஸ்காரர் டம்ளரை ஒழுங்காகத் தொட்டியில் வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, "பரவாயில்லை. இன்றைக்கும் எனக்கு ஷிஃப்ட்" என்றார். காதடைப்பானை மாட்டிக்கொண்டு பிரஸ்ஸைப் பார்த்து நடந்தார். அந்த வானொலிப் பெண்ணை மனதுக்குள் மூன்று மொழியிலும் திட்டினேன்.

அப்போதுதான் பின்னால் பாயின் ரேடியோவில் அவள் குரல் கேட்டது. "நேரம் இப்போது பத்து மணி மூன்று நிமிடம்."

வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். எங்கள் கம்பெனிக் கடிகாரம் ஏழு நிமிஷம் முந்தி ஓடும். எந்தக் காலத்திலோ ஒரு மேனேஜர், ஆட்கள் நேரத்துக்கு வர வேண்டும் என்று முந்தி வைத்தது. இன்சார்ஜ் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறார். சைரன், டீ, சாப்பாடு, எல்லாம் அந்த நேரத்துக்குத்தான். பஸ்ஸே அந்த நேரத்துக்குத்தான். உள்ளே வேறு கடிகாரம் கிடையாது, போனும் கிடையாது. பன்னிரண்டு வருஷத்தில் எனக்குப் பத்து மணி என்றால் சைரன் அடிக்கிற நேரம்தான். அந்தப் பெண் மறக்கவில்லை. அவளுடைய பத்து ஐந்துக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. அளவு பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவள் நான்.

"பாய், ரேடியோவைத் தூக்கிட்டு வாங்க!"

"எங்கம்மா?"

"பிரஸ்ஸுக்கு!"

"தரையில போட்ட மஞ்சக் கோட்டைத் தாண்டி நான் வரக்கூடாதும்மா, வேல பூடும்."

"கோட்டு மேலயே நில்லுங்க!"

நான் ஓடினேன். அதற்குள் பிரஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. அது அடிக்கிற அடியில் பக்கத்தில் ஆள் கத்தினாலும் கேட்காது, உள்ளங்கை ரேடியோ எங்கே கேட்கப் போகிறது? அந்த வரிசையை நிறுத்துகிற அதிகாரம் இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒருவர் இன்சார்ஜ். இன்னொருத்தி நான், அதுவும் அளவு தப்பினால் மட்டும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைப் பொய்யாகச் செய்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

பாக்கெட்டிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்துப் பிரஸ்ஸின் பேனலில் மாட்டினேன். ஆபரேட்டர் என் முகத்தைப் பார்த்தார், மறுபேச்சு இல்லாமல் பட்டனை அமுக்கினார். வரிசை முழுக்க நின்றது.

இன்சார்ஜ் ஓட்டமும் நடையுமாக வந்தார். "இன்னாம்மா ஹோல்டு? இன்னா டிஃபெக்ட்டு?"

"கடிகாரம் சார்" என்றேன். "ஏழு நிமிஷம் தப்பாக் காட்டுது. அளவு தப்புன்னா நிறுத்துறதுதானே என் வேலை?"

அவர் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மஞ்சள் கோட்டின்மேல் இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு ரேடியோவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த பாயைப் பார்த்தார். எனக்கு மெமோ வந்தது உண்மைதான். ஆனால் அது மறுநாள் வந்தது. அந்த நிமிஷம் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் வேல்ஸ்காரரின் காதடைப்பானை என் கையாலேயே கழற்றினேன்.

"ஓசூர்ல வேலை செய்யற நம்ம நண்பர்கள், அவுங்க நண்பருக்காகக் கேட்ட பாட்டு" என்று அவள் தமிழில் ஆரம்பித்தாள், தெலுங்கில் ஷிஃப்ட் கதையைச் சொன்னாள், கன்னடத்தில் முடித்தாள். "வேல்ஸ் நாட்டிலிருந்து" என்றாள். இங்கிலாந்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேல்ஸ்காரருக்குப் புரிந்த ஒரே சொல் வேல்ஸ்தான் என்பதால் அவர் அதற்குத் தலையாட்டினார்.

பாட்டு வந்தது. ஒரு கிட்டார், கட்டைக் குரலில் ஒரு பையன், எங்களில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாத பாஷை. அதற்குப் பின்னால் டிரம்ஸ். ஐந்து டன் டையை மாற்றுகிற ஆட்கள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பாய் ரேடியோவைத் தாழ்த்திப் பிடிக்க, அவர் அதன் பக்கத்தில் போய், தலையைச் சாய்த்து, ஒரு காதை அதன்மேல் வைக்காத குறையாக நின்றார். அவர் விரல்கள் தட்டவே இல்லை. மூன்று மாதத்தில் அவை அசையாமல் இருந்து நான் பார்த்தது அந்த நான்கு நிமிஷம்தான்.

பாட்டு முடிந்த கையோடு அவள் திரும்ப மாம்பூவுக்குப் போய்விட்டாள். "அவள் இப்போது எங்களைப் பற்றி என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். "உங்களைப் பற்றி இல்லை சார். மாம்பூவில் தத்துப்பூச்சி விழுந்தால் என்ன மருந்து அடிப்பது என்று சொல்கிறாள்" என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். நாற்பது வருஷத்துக்கு முன்னாலும் பாட்டு முடிந்ததும் ஆட்டுக் குளம்பு நோயைப் பற்றித்தான் பேசினார்கள் என்று அம்மா சொன்னாளாம். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது.

துடைத்துக்கொண்டே பாயின் கையிலிருந்த அந்தச் சின்ன ரேடியோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதனிடம் அவர் மொழியில் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்காக அதையே இங்கிலீஷில் சொன்னார்.

"அம்மா சொன்னது சரிதான். டிரம்ஸ் கொஞ்சம் அதிகம்தான்."